கோப்புறைக்கு அகரவரிசை தெரியாது

ஒரே நிரல், ஒரே தரவுக் கோப்புகள். விண்டோஸ் 10 கணினியில் 173.2 என்று வந்த விடை உபுண்டு 16-இல் 172.4 ஆனது, மேக்கின் மொஹாவி பதிப்பில் 172.7 ஆனது. நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2019-இல் இதை வெளியிட்டார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை. 2014-இல் வெளியான அந்தப் பைத்தான் நிரல், கோப்புப் பெயர்கள் எப்போதும் அகரவரிசையில்தான் கைக்கு வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. அப்படி வராத கணினிகளில் ஜோடி சேரவேண்டிய கோப்புகள் மாறிச் சேர்ந்தன.

லினக்ஸிலும் மேக்கிலும் பைத்தானுக்கு அடியில் கோப்புப் பெயர்களை எடுத்துத் தரும் வேலையைச் செய்வது சி மொழியின் ‘ரீட்டிர்’ செயற்கூறு. அழைக்கும்தோறும் கோப்புறையிலிருந்து ஒரு பெயரைத் தரும். எந்த வரிசையில் என்று அது வாக்குக் கொடுத்ததே இல்லை.

1979-இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கோப்புறையில் ஒரு பதிவுக்கு 16 பைட்டுகள்: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஒரு கோப்பை அழித்தால் காலியான இடத்தில் அடுத்து வரும் பெயர் உட்காரும். 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி பெயரின் நீளத்தை 255 வரை கூட்டியபோது பதிவுகளின் அளவு சமமாக இல்லாமல் போனது. அவற்றைப் படித்துக் கொடுக்கவே ரீட்டிர் வந்தது. இன்று லினக்ஸின் எக்ஸ்ட்4 பெயர்களை ஹாஷ் எண்களாக்கி, அந்த எண்களின் வரிசையில் தருகிறது. வட்டுக்கு வட்டு அது மாறும். ‘எல்எஸ்’ கட்டளை நமக்கு ஒழுங்காகக் காட்டுவது, தானே அடுக்கிக்கொள்வதால்தான். இந்த ஏற்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். கோப்புகளை எண்ண மட்டும் விரும்பும் நிரல் அடுக்கும் செலவை ஏன் சுமக்க வேண்டும்?

அடுக்கு வேண்டுமென்றால் பொறுப்பு நம்முடையது. ரீட்டிர் தரும் பெயரை உடனே நகலெடுத்து வைக்க வேண்டும். அடுத்த அழைப்பு அந்த நினைவிடத்தின் மேலேயே எழுதிவிடலாம். பிறகு ‘கியூசார்ட்’ கொண்டு அடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய ‘ஸ்கேன்டிர்’ இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. பலரும் கைப்பழக்கத்தில் ‘ஸ்டிர்கம்ப்’ கொண்டு ஒப்பிடுகிறார்கள். அது பைட்டுகளை மட்டுமே பார்க்கும். யூனிகோடில் ‘ன’வின் இடம் ‘ந’வுக்கு அடுத்து, நம் நெடுங்கணக்கில் அதுவே கடைசி மெய். அதனால் பலாவுக்கு முன் பனை வந்து நிற்கும். ‘ஸ்டிர்கால்’ அந்தந்த மொழியின் வரிசையை மதிக்கும். ஆனால் நிரலின் தொடக்கத்தில் ‘செட்லொகேல்’ அழைக்காவிட்டால் அதுவும் பைட் வரிசைக்கே திரும்பிவிடும். தமிழ்க் கோப்புகளைக் கையாளும் நிரல் எழுதுவோர் அந்த ஒரு வரியை முதலில் எழுதிவிடுங்கள்.