பறக்க விட்ட பூச்சியைக் காட்டிக்கொடுத்த போட்டோ!

காட்டில் ஒரு பூச்சியை போட்டோ பிடித்தார் ஒருவர். பூச்சி பறந்தது. அவரும் அதைப் போக விட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, உலகத்தில் அதுவரை யாருமே பெயர் வைக்காத பூச்சி அது என்று! பறந்து போனதை எங்கே போய்த் தேடுவது?

மலேசியாவில் நடந்த இந்த ருசிகர சம்பவத்தின் விவரம் வருமாறு:-

கோலாலம்பூர் அருகே

மலேசியாவைச் சேர்ந்தவர் குவெக் ஹாக் பிங். பூச்சிகளை மிகக் கிட்டத்தில் போய் போட்டோ எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. 2011-ம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூருக்கு வெளியே, சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள ஒரு காட்டுப் பூங்காவில் காமிராவோடு சுற்றிக்கொண்டு இருந்தார். தைப்பூசத்துக்கு நம்ம ஆட்கள் காவடி எடுக்கும் பத்துமலை முருகன் கோவிலும் இதே சிலாங்கூரில்தான் இருக்கிறது.

அங்கே பச்சை நிறத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்து இருந்தது. இறக்கை கண்ணாடி மாதிரி. அதன் அடிப்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் வலை போல ஓடின. இடையிடையே நீலப் பொட்டு. சில படங்கள் எடுத்தார். பூச்சி கிளம்பிப் போய்விட்டது.

மூச்சு விட்டால் கெட்டது!

"சில படங்கள் எடுத்தார்" என்று லேசாக எழுதிவிட்டேன். அது அவ்வளவு லேசான வேலை இல்லை.

இந்த வகை போட்டோவுக்கு 'மேக்ரோ' என்று பெயர். லென்சை பூச்சியின் முகத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டும். அப்படிப் போனால் ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூட தெளிவாக விழாது. கண் தெளிவாக இருந்தால் கால் மங்கல். காலைப் பிடித்தால் கண் மங்கல். இதைச் சரிக்கட்ட லென்சின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் பற்றாது. அதற்கு பிளாஷ் வேண்டும். பிளாஷ் நேராக அடித்தால் பூச்சி முதுகு பளபளவென்று கண்ணைக் கூசும். அதனால் பிளாஷுக்கு முன்னால் வெள்ளைக் காகிதமோ துணியோ கட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் காற்று அடிக்கும். இலை ஆடும். நம்ம நிழல் மேலே விழுந்தால் பூச்சி ஓட்டம். இதற்காகவே சில பேர் பூச்சியைப் பிடித்து பிரிட்ஜில் வைத்து, விறைத்துப் போனதும் எடுத்து படம் பிடிக்கிறார்கள். குவெக் எடுத்தது அப்படி அல்ல. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே எடுத்த படம். அதுதான் பின்னால் கைகொடுத்தது.

கண்ணில் பட்டது

படங்களை 'பிளிக்கர்' என்ற போட்டோ இணையதளத்தில் போட்டார் குவெக். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில விவசாய இலாகாவில் பூச்சி நிபுணராக இருந்த ஷான் விண்டர்டன், தற்செயலாக அதைப் பார்த்தார். பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் அவர். அவருக்கே இது எந்த இனம் என்று பிடிபடவில்லை. மற்ற நிபுணர்களுக்கு படத்தை அனுப்பினார். அவர்களுக்கும் தெரியவில்லை.

இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் நமக்குப் புதுசு இல்லை. ராத்திரி கடை டியூப் லைட்டைச் சுற்றும், பச்சையாக, மெலிசாக, கண் மட்டும் தங்கம் போல மின்னும். பார்க்க சாது. ஆனால் இதன் புழு பலே ஆள்! பயிரில் மொய்க்கும் அசுவினியைப் பிடித்து சாறை உறிஞ்சிக் குடித்துவிடும். சில இனங்களின் புழு, குடித்து முடித்த சக்கையை முதுகிலேயே சுமந்து திரியும். கொன்றவனே பிணத்தைப் போர்த்திக்கொண்டு மறைந்து நிற்கிற மாதிரி! விவசாயிக்கு இது நண்பன்.

படம் மட்டும் போதாது

குவெக்கிடம் பூச்சியைக் கேட்டார் விண்டர்டன். அவரிடம் ஏது? பறந்து போய்விட்டதே!

படம் பேசும். ஆனால் பொதுவாக படத்தை மட்டும் வைத்து புதுப் பூச்சிக்குப் பெயர் வைப்பது இல்லை. உடல் வேண்டும். இறக்கை நரம்பு முதல் வயிற்று நுனி வரை சோதித்துப் பார்க்க வேண்டும். கொலை வழக்கு போலத்தான் இதுவும்!

ஆனால் குவெக்குக்கு ஒரு துப்பு இருந்தது. படம் எடுத்த இடம் அவருக்குத் தெரியும். பல மாதங்கள் கழித்து அதே இடத்தில் அதே மாதிரி பூச்சி மறுபடியும் சிக்கியது. இந்த முறை அதை விடவில்லை. டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் அறை மேஜையில் வைத்துக்கொண்டு, "என்ன செய்யட்டும்?" என்று விண்டர்டனைக் கேட்டார்.

பூச்சி லண்டனுக்குப் போனது. அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஸ்டீபன் புரூக்ஸ் என்ற நிபுணர் சோதித்தார். புது இனம்தான் என்று உறுதியானது.

அங்கேதான் இன்னொரு வேடிக்கை. அதே இனத்துப் பூச்சி ஒன்று அந்த அருங்காட்சியகத்திலேயே இருந்தது! மலேசியாவின் சபா மாநிலத்தில் பிடிபட்டது. என்ன இனம் என்று யாரும் கண்டுசொல்லாமல், பல ஆண்டுகளாக பெயர் இல்லாமல் கிடந்தது.

மகள் பெயர்

2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'ஜூகீஸ்' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் முறைப்படி அறிவித்தார்கள். பூச்சியின் பெயர் 'செமக்ரைசா ஜேட்'. ஜேட் என்பது விண்டர்டன் மகளின் பெயர். கட்டுரையை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டு பேர் விஞ்ஞானிகள். மூன்றாவது, பொழுதுபோக்குக்கு போட்டோ எடுத்த குவெக்!

சந்தோஷமான செய்திதான். ஆனால் ஒன்று. படம் பிடிக்கப்பட்ட முதல் பூச்சி பறந்து போய் பிழைத்தது. பெயர் வாங்கிக் கொடுத்த இரண்டாவது பூச்சி, லண்டனில் ஊசி குத்திய சரக்காகிவிட்டது. படம் எடுப்பவர் உயிரைத் தொடுவது இல்லை. பெயர் வைக்கத்தான் உயிர் தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டு சுவரிலும்...

இதுவரை பெயர் வைத்த பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். பெயர் வைக்காதவை இன்னும் பல லட்சம் இருக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். எது எங்கே உட்கார்ந்து இருக்கிறதோ!

இப்போது சட்டைப்பை செல்போனிலேயே காமிரா இருக்கிறது. அதில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்சும் கிடைக்கிறது. இன்று ராத்திரி கடை அடைக்கும்போது டியூப் லைட்டை ஒரு தடவை பாருங்கள். தெரியாத பூச்சி ஏதாவது உட்கார்ந்து இருந்தால், விளக்குமாற்றை எடுக்கும் முன்பு ஒரு படம் எடுங்கள். எந்த இடம், என்ன தேதி என்று குறித்து வையுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது முதலில் கேட்பதும் இந்த இரண்டைத்தான். இடம் தெரிந்ததால்தான் குவெக்குக்கு அந்தப் பூச்சி மறுபடியும் கிடைத்தது.