ஜிம் ட்ரெய்னர் டூ ஹெட் ட்ரெய்னர்: இந்த ப்ரமோஷனை எப்படி கணக்குப் போடணும்?

ப்ரமோஷன்னு சொன்னதும் நாம முதல்ல கேக்குறது "சம்பளம் எவ்வளவு ஏறும்?"னுதான். ஆனா சில வேலைகள்ல ப்ரமோஷன் வாங்கின மறுமாசமே கைக்கு வர்ற காசு குறையலாம். நல்ல உதாரணம், ஜிம்ல இருக்கிற பர்சனல் ட்ரெய்னர் வேலை.

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி, சென்னையில ஒரு ஜிம்ல ட்ரெய்னர். நாலு வருஷம் ரெண்டு மாசம் சர்வீஸ். "அண்ணா, என்னை ஹெட் ட்ரெய்னர் ஆக்குறாங்க. ஆறு பேரை நான் வழிநடத்தணும். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடலாமா?"னு வந்தார். அடையாளம் தெரியாம இருக்க எண்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். கணக்கு அதேதான்.

இப்போ என்ன வருது?

நிலையான சம்பளம் 18,000 ரூபாய். அதோட 12 பர்சனல் ட்ரெய்னிங் க்ளையண்ட்ஸ். ஒருத்தர் மாசம் 6,000 கட்டுறார், அதுல 40% இவருக்கு. அதாவது 28,800. மொத்தம் 46,800 ரூபாய்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு க்ளையண்டுக்கு மாசம் 12 செஷன்னா, 12 பேருக்கு 144 மணி நேரம். அதுவும் காலை அஞ்சு மணியிலிருந்து பத்து வரைக்கும், சாயங்காலம் அஞ்சிலிருந்து ஒன்பது வரைக்கும். எல்லாருக்கும் அந்த நேரம்தான் வேணும். 13-வது க்ளையண்டுக்கு இடமே இல்ல. காய்ச்சல்ல பத்து நாள் படுத்தா கமிஷனும் படுத்துடும். இந்த உச்சவரம்பை உடைக்கத்தான் மத்த ட்ரெய்னர்களை வளர்க்கிற வேலைக்குப் போறாங்க.

புது ஆஃபர்

நிலையான தொகை 35,000. சொந்த க்ளையண்ட்ஸ் நாலு பேர் மட்டும் வெச்சுக்கலாம், அதுல 9,600. இதோட டீமோட ட்ரெய்னிங் வசூல்ல 5%. ஆறு பேரும் தலா எட்டு க்ளையண்ட் பார்த்தா வசூல் 2,88,000, அதுல 5% 14,400. மொத்தம் 59,000 ரூபாய்.

இப்போ மோசமான நிலைமையையும் பாருங்க. ரெண்டு ட்ரெய்னர் வேலையை விட்டு, க்ளையண்ட்ஸையும் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க. வசூல் 1,92,000, பங்கு 9,600. மொத்தம் 54,200. அப்பவும் பழைய வருமானத்தை விட அதிகம்தான். டீம்ல இருந்து 44,000 வசூல் வந்தாலே 2,200 கிடைச்சு பழைய 46,800-ஐத் தொட்டுடலாம். அப்போ யோசிக்காம கையெழுத்துப் போட்டுடலாமா?

இருங்க. லெட்டரோட ரெண்டாவது பக்கத்தைப் புரட்டினேன்.

"கன்சல்டன்ட்"ங்கிற ஒரு வார்த்தை

பழைய வேலையில இவர் கம்பெனி ஊழியர். புது லெட்டர்ல "ஃபிட்னஸ் கன்சல்டன்ட், ரீடெய்னர் முறையில்"னு இருந்துச்சு. இதுல என்னென்ன போகும்?

முதல்ல பிஎஃப். 15,000 ரூபாய் உச்சவரம்புல 12%னா கம்பெனி பங்கு மாசம் 1,800. அதுல 1,250 பென்ஷனுக்கு, 550 பிஎஃப் கணக்குக்கு. வருஷத்துக்கு 21,600 ரூபாய் காலி.

ரெண்டாவது, கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் உரிமை. 18,000 முழுக்க பேசிக்னு வெச்சா, 18,000 × 15/26 × 5 = சுமார் 51,900 ரூபாய். இவருக்கு இன்னும் பத்து மாசம்தான் பாக்கி! இப்போ ஊழியர்ங்கிற நிலை முறிஞ்சா அது கைக்கு வராது. அதுவே ஊழியரா தொடர்ந்து பேசிக் ஏறினா, கிராஜுவிட்டி கடைசியா வாங்குற பேசிக்கை வெச்சுத்தான் கணக்காகும், இன்னும் கூடும்.

மூணாவது, டிடிஎஸ். கன்சல்டன்ட் கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினா 10% பிடிப்பாங்க. 59,000-ல மாசம் 5,900. 2025-26 நிதியாண்டு புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கிறதால இவருக்கு வரி வராது. ஆனா பிடிச்ச பணம் திரும்ப வர ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்கணும். சம்பளக்காரருக்குக் கிடைக்கிற 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் இல்ல.

என்ன பண்ணினார்?

நான் சொன்னது ஒண்ணுதான்: "வேண்டாம்னு சொல்லாத. மூணு விஷயத்தை எழுத்துல கேளு."

1. ஊழியராவே தொடரணும், சர்வீஸ் முறியக் கூடாது.
2. டீம் பங்கு பில் போட்ட தொகையிலயா, வசூலான தொகையிலயா? ரீஃபண்ட் போனா யார் கணக்குல கழியும்?
3. ஒரு ட்ரெய்னர் விலகினா, மாற்று ஆளைச் சேர்க்கிற பொறுப்பு யாருக்கு?

ஜிம் முதல் கோரிக்கைக்கு ஒத்துக்கிட்டாங்க, பதிலுக்குப் பங்கை 4% ஆக்கிட்டாங்க. 14,400 இப்போ 11,520. மொத்தம் 56,120. மாசம் 2,880 குறைவுதான். ஆனா பிஎஃப், கிராஜுவிட்டி, நிம்மதி மூணும் மிச்சம். கையெழுத்துப் போட்டார்.

கணக்குல வராத பாடம்

முதல் மாசம் அவர் திணறிட்டார். எட்டு க்ளையண்ட்ஸை ஜூனியர்கள்கிட்ட ஒப்படைச்சதுல மூணு பேர் "நீங்க இல்லன்னா வேண்டாம்"னு நின்னுட்டாங்க. அவங்களைத் தானே திரும்ப எடுத்துக்கலாமான்னு ராத்திரி ஃபோன் பண்ணினார். எடுத்திருந்தா பழைய பாதைக்கே திரும்ப ஆரம்பிச்சிருப்பார்.

எனக்கு அது புரிஞ்சது. ஆர்ட்டிகிள்ஷிப் பசங்க முதல் தடவை என் கீழ வேலை பார்த்தப்ப, அவங்க ஒர்க்கிங்கை நானே ராத்திரி உக்காந்து திருத்துவேன். ஃபைல் சுத்தமா போகும், பையன் ஒண்ணும் கத்துக்க மாட்டான். அடுத்த மாசமும் அதே தப்பு, அதே ராத்திரி.

அவர் முறையை மாத்தினார். ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஜூனியர் கூடவே நின்னு பார்ப்பார், அடுத்த ரெண்டு வாரம் ஜூனியர் நடத்த இவர் கூட நிப்பார். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு ட்ரெய்னரோடவும் அரை மணி நேரம்: யார் ரெண்டு செஷன் வரல, யாருக்கு முட்டி வலி, யாரோட பேக்கேஜ் முடியப் போகுது. "எவ்வளவு வித்த?"ங்கிற கேள்வி கடைசியிலதான். க்ளையண்ட் தங்கினா விற்பனை தானா வரும்.

நீங்க இந்தப் பாதைக்குத் தயாராகணும்னா

பதவி வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஜூனியரை வளர்த்துக் காட்டுங்க. எத்தனை க்ளையண்ட் புதுப்பிச்சாங்கன்னு எண்ணைக் குறிச்சு வைங்க, நேர்காணல்ல அதுதான் பேசும். சான்றிதழை உயிரோட வெச்சிருங்க: ஏசிஇ மாதிரி அமைப்புகள்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், அந்தச் செலவை பட்ஜெட்ல போடுங்க. முக்கியமா, மாறுறதுக்கு முன்னாடி மூணு மாசச் செலவைத் தனியா ஒதுக்குங்க.

நீங்க ஐடில இருந்தாலும் பேங்க்ல இருந்தாலும், டீம் லீட் ஆகும்போது இதே கேள்விகள்தான். லெட்டரோட முதல் பக்கத்துல சம்பளம் இருக்கும். ரெண்டாவது பக்கத்தையும் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

அடுத்த வீடியோவுல ஆஃபர் லெட்டர்ல பார்க்க வேண்டிய பத்து வரிகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பேசுவோம். சந்திப்போம்!