ஆடியில் பிரித்தால் சித்திரையில் பிறப்பு குறையுமா?

சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாமென்று புதுமணத் தம்பதியரை ஆடியில் பிரித்துவைக்கும் வழக்கம், தாப்பா தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. கருத்தரித்துச் சுமார் 266 நாளில் பிரசவம். ஆடியில் தரித்தால் சித்திரையில் பிறக்கும். வழக்கம் இன்றும் நிலைக்கிறதா என்பதைச் சித்திரைப் பிறப்புகளே காட்ட வேண்டும்.

ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மற்ற மாதங்களின் சராசரிப்படி 100 பிறப்புகளை எதிர்பார்க்கும் ஊரில், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்குக் கூடுவதும் குறைவதும் தற்செயலே. 90 வந்தால் வியக்க ஒன்றுமில்லை. பத்தாண்டைச் சேர்த்தால் எதிர்பார்ப்பு 1,000. வர்க்கமூலம் ஏறக்குறைய 32. அப்போதும் 900தான் வந்தால், 100 குறைவு அதன் மூன்று மடங்கு. தற்செயல் என்று தள்ள முடியாது.

காரணம் ஆடிதானா? தலைப்பிள்ளைகளைத் தனியே எண்ணுங்கள். பிரிக்கப்படுவது புதுத் தம்பதியர் மட்டுமே. அதே ஊரின் மலாய், சீனக் குழந்தைகளையும் எண்ணுங்கள். அவர்களிடமும் அதே சரிவு இருந்தால், காரணம் வேறு.