வாத்தின் கண்ணுக்குத் தப்பும் படகு

மல்லார்டு வாத்துக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், கழுத்தைத் திருப்பாமலேயே சுற்றிலும் 360 பாகையும் அதற்குத் தெரிகிறது. தலைக்கு மேலே இருக்கும் வானமும் தெரிகிறது. பறவைகளின் பார்வையை ஆராய்ந்த பிரிட்டன் விஞ்ஞானி கிரஹாம் மார்ட்டின் 1986இல் இதை அளந்து எழுதினார். நிறம் காண நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள், வாத்துக்கு நான்கு. இப்படிப்பட்ட ஒரு பறவை மேலே வட்டமடித்துப் பார்க்கும்போது, கீழே சதுப்புநிலத்தில் ஓர் அலுமினியப் படகும் இரண்டு ஆட்களும் ஒரு நாயும் இல்லவே இல்லை என்று அதை நம்பவைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லட்சக்கணக்கான வேட்டைக்காரர்கள் இந்த வேலையில் இறங்குகிறார்கள்.

நம் நாட்டில் காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். அங்கே பருவம், எண்ணிக்கை, துப்பாக்கியில் எத்தனை தோட்டா என்பது வரை சட்டம் வரையறுத்து அனுமதிக்கிறது. 1934 முதல் வேட்டைக்காரர்கள் வாங்கும் ‘டக் ஸ்டாம்ப்’ என்ற அனுமதி வில்லையின் வருவாயில்தான் பல ஈரநிலங்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் காக்கப்படுகின்றன. வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. மலிவான பொருள்களை வைத்துக்கொண்டு, கூர்மையான ஒரு கண்ணை ஏமாற்றுவது எப்படி என்பதே விஷயம்.

மறைந்திருந்து சுடும் படகு புதிதல்ல. 1836இல் நியூஜெர்சியின் வெஸ்ட் கிரீக் என்ற ஊரில் ஹேசல்டன் சீமன் என்பவர் கட்டிய ‘ஸ்னீக்பாக்ஸ்’ ஏறத்தாழ 12 அடி நீளம்; தட்டையாக, கரண்டி போன்ற அடிப்பாகம். மேல்தளம் முழுக்கப் புல்லைப் பரப்பிவிட்டு ஆள் உள்ளே படுத்துக்கொள்வார். பிற்பாடு நத்தானியேல் பிஷப் என்ற பயணி இதே வகைப் படகில் ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடா வரை துடுப்புப் போட்டே போய் 1879இல் புத்தகம் எழுதினார். செசபீக் விரிகுடாவிலோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆளைத் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இறக்கும் ‘சிங்க்பாக்ஸ்’ பெட்டியைப் பயன்படுத்தினார்கள். வாத்துகள் தப்ப வழியே இல்லாமல் போனது. 1935இல் அரசு அதைத் தடை செய்தது. மறைப்பு அளவுக்கு மீறி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இன்று சாதாரண வேட்டைக்காரரிடம் இருப்பது 14 அடி ‘ஜான் போட்’, அதாவது தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு. அதன் மேல் மாட்டும் மறைப்புக்கு ‘பிளைண்ட்’ என்று பெயர். கடையில் ஆயத்தமாக வாங்கினால் சில நூறு டாலர் ஆகும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, துணியில் அச்சிட்ட இலை தழைப் படங்களுக்குப் போகிறது. அந்த அழகு வாங்குகிறவரின் கண்ணுக்குத்தான்.

வாத்துக்குச் சந்தேகம் வருவது வேறு விஷயங்களில். ஒன்று, நேர்க்கோடு. சதுப்பில் எதுவும் ஸ்கேல் வைத்து வெட்டியது போல இருக்காது. படகின் விளிம்பு மட்டும் அப்படி இருக்கும். அடுத்து, நிழல். மேலிருந்து பார்த்தால் திறந்த படகின் உட்புறம் ஒரு கறுப்புச் செவ்வகம். பிறகு, பளபளப்பு: ஈரமான உலோகம், அண்ணாந்து பார்க்கும் முகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அசைவு.

நேர்க்கோடு பற்றி ஒரு நல்ல சோதனை உண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னிஸ் கட்ஹில் குழுவினர் முக்கோணக் காகிதத்தில் செயற்கை அந்துப்பூச்சிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு புழுவை வைத்து ஓக் மரங்களில் குத்திவைத்தார்கள். 2005இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. எல்லாவற்றிலும் மரப்பட்டையின் நிறங்கள்தான். ஆனால் கறைகள் சிறகின் விளிம்பை வெட்டிக்கொண்டு போன பூச்சிகள், கறைகள் விளிம்புக்குள்ளேயே நின்ற பூச்சிகளைவிட அதிகம் தப்பின. பறவையின் கண் தேடுவது உருவத்தின் ஓரத்தை. ஓரம் உடைந்துவிட்டால் உருவமும் உடைகிறது. படகுக்கும் இதுதான் பாடம். விளிம்பைத் தாண்டி, மேலும் கீழுமாக, ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நிஜப் புல்லுக்கு முன்னால் எந்த அச்சுத் துணியும் நிற்காது. அதிலும், அந்தப் புல் அதே சதுப்பில் விளைந்ததாக இருந்தால், நான்கு வகைக் கூம்பு செல்லுக்கும் நிறம் தானாகவே பொருந்திவிடும்.

இனி கட்டும் வேலை. பிளைண்டைத் தாங்கும் சட்டத்துக்கு பிவிசி குழாய்தான் மலிவு. ஆனால் குளிரில் அது நொறுங்கும், நீளமாக விட்டால் தொய்யும். மின்கம்பி போட உதவும் அரை அங்குல இரும்பு ‘கான்டுயிட்’ குழாய் சற்று விலை கூடினாலும் அதுவே மேல். 10 அடி நீளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் குழாய்களை இணைத்து நீளமான ‘ப’ வடிவில் ஒரு சட்டம் வளைத்து, இரு கால்களின் நுனியையும் சுத்தியலால் தட்டையாக்கித் துளையிட்டு, படகு விளிம்பில் ஒற்றை போல்ட்டில் மாட்ட வேண்டும். அந்த போல்ட்டே கீல். ஊசியைச் சொருகினால் சட்டம் நிமிர்ந்து நிற்கும். உருவினால் உள்பக்கம் மடிந்து படுத்துவிடும். துளையை விளிம்பு மடிப்பில் மட்டும் போட வேண்டும், படகின் உடம்பில் கைவைக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு பளபளக்கும் என்பதால் குழாயை வினிகர் தொட்டுத் துடைத்துவிட்டு, மினுக்கமில்லாத பழுப்பு பெயின்ட் அடிப்பார்கள்.

சட்டத்தின் மேல் கம்பிவலை. வலைமேல் சணல் சாக்குத் துண்டுகள், அதற்கும் மேல் நாணலும் சம்பும். ஒரு கைப்பிடி தடிமனுக்குக் கற்றையாக எடுத்து, கறுப்பு ஜிப் டையால் வலையோடு இறுக்குவது முறை. கூரை வேய்வது போலக் கீழ்வரிசையில் தொடங்கி மேலே ஏற வேண்டும்; மேல் கற்றை கீழ்க் கட்டை மூடிவிடும். நுனிகளைக் கத்தரித்துச் சமமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பொது நிலங்கள் பலவற்றில் செடி வெட்டத் தடை உண்டு என்பதால் முன்னதாகவே விசாரிப்பது நல்லது. காய்ந்த புல்லுக்கு நடுவே கேஸ் ஹீட்டரைப் பற்றவைக்கிற துணிச்சல்காரர்களும் உண்டு. அவர்கள் வாத்தைவிட அவசரமாகப் பறந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. 14 அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரமுள்ள தட்டி என்பது ஏறத்தாழ மூன்றரை சதுர மீட்டர் பாய்மரப் பாய். மணிக்கு 36 கி.மீ. காற்று அதன் மேல் நேராக மோதினால், தட்டி அடர்த்தியாக இருக்கும்பட்சத்தில், சுமார் 25 கிலோ எடைக்கு ஈடான விசை பக்கவாட்டில் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதுவும் படகின் விளிம்புக்கு மேலே தள்ளுவதால் கவிழ்க்கும் ஆற்றல் கூடுகிறது. நனைந்த சாக்கும் புல்லும் எடையை உயரத்தில் ஏற்றுகின்றன. அந்த நேரத்தில் இருவரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் விற்கும் சிறு மோட்டார் படகுகளில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற தகடு இருக்கும். பிளைண்டின் எடையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். பலர் அதைச் சேர்ப்பதில்லை.

காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம், 1940 நவம்பர் 11. முதல் உலகப்போர் முடிந்த நாளுக்கான விடுமுறை. அமெரிக்காவின் நடுமேற்கில் காலையில் நவம்பருக்குப் பொருந்தாத இதமான வெயில். மேல் மிசிசிப்பியில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் பலர் மெல்லிய உடையோடு படகேறினார்கள். பகலில் காற்று திரும்பியது. வெப்பநிலை சரிந்து, மழை பனிப்புயலாக மாறியது. புயலுக்கு முன்னால் வாத்துகள் கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்ததால், கரை திரும்ப வேண்டிய நேரத்தில் பலர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அலையில் சிறு படகுகளால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. தீவுகளில் நனைந்து ஒதுங்கியவர்கள் இரவில் உறைந்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாத்து வேட்டைக்காரர்கள். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கை வியப்பளிக்காது.

ஆகவே என் கணக்கு இது: புல் இலவசம், சாக்கும் வலையும் சொற்பம். மிச்சப்படும் பணம் நல்ல கீலுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் போகட்டும். மடிக்க முடியாத பிளைண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மோட்டார் ஓடும்போது தட்டி படுத்திருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி மோட்டாரை நிறுத்தி, படகின் ஓட்டமும் அடங்கிய பிறகே சுடலாம் என்பதால், நிறுத்திய இடத்தில் தட்டியை நிமிர்த்த நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று போதும். படகை நாணலுக்குள் செருகி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, உயரமான கரையில் ஏறி நின்று செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க வேண்டும். நிறம் போய்விட்டால் நேர்க்கோடும் கறுப்புச் செவ்வகமும் உடனே கண்ணில் படும். பட்ட இடத்தில் இன்னும் இரண்டு கற்றை கட்டலாம். உள்ளே இருப்பவரின் முகம் வெள்ளையாகத் தெரிந்தால், தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்லலாம்.