லென்ஸைத் திருப்பி மாட்டினால்

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துல ஒரு எருக்கஞ்செடி முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு ஓட்டிட்டுப் போன தாத்தா, "என்னப்பா, எதையும் தொலைச்சிட்டியா?"ன்னார். இலைக்கு அடியில இருந்த மஞ்சள் அசுவினிகளைத்தான் படம் எடுத்துட்டிருந்தேன். கிட் லென்ஸைப் பின்பக்கம் முன்னால வர்ற மாதிரி மாட்டி. தேவை ஒரு ரிவர்ஸ் ரிங், சில நூறு ரூபாய்.

லென்ஸ் பெரிய காட்சியைச் சின்ன சென்சார்ல சுருக்கி விழ வைக்குது இல்லையா? திருப்பினா கணக்கும் திரும்பிடும்: சின்னது பெருசா விழும். 50 எம்எம்-ஐத் திருப்பினா ஏறக்குறைய நிஜ அளவு. 18-க்கு இறக்கினா அதைவிடப் பல மடங்கு.

ஆனா கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சிடும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, அப்பெர்ச்சரையும் மாத்த முடியாது. என் கேனான்ல எஃப்/11 வச்சு, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே லென்ஸைக் கழட்டினா அது அப்படியே நிக்கும். ஃபோகஸுக்கு நம்ம உடம்புதான் முன்னும் பின்னும் ஆடணும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நாலஞ்சு சென்டிமீட்டர்தான் இடைவெளி. தெளிவா விழுறது ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. மூச்சு விட்டா போச்சு.

இன்னொரு பயம், லென்ஸோட பின்பக்கக் கண்ணாடி புழுதிக்கு நேரா நிக்குது. ஏழரைக்குக் காத்து கிளம்பினதும் மூட்டை கட்டிட்டேன். அறுபது படத்துல ரெண்டு தேறுச்சு. ஒண்ணுல அசுவினியோட கால் மட்டும்.