மறைக்க முடியாது பள்ளத்தை! வானத்தில் இருந்து அளந்து ஏரித் தண்ணீர் வழியைக் காட்டும் கம்ப்யூட்டர்

கீழ்க்கட்டளையில் மனை வாங்குகிறவர் வந்து நின்று பார்த்தால், தரை பாய் விரித்த மாதிரி தட்டையாகத்தான் தெரியும். எது மேடு, எது பள்ளம் என்பது மழை கொட்டும்போதுதான் புரியும். அதற்குள் தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிடும்!

இனி மழைக்குக் காத்திருக்க வேண்டாம். கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிடும். இது பற்றிய விவரம் வருமாறு:-

படிக்கட்டு மாதிரி ஏரிகள்

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலில் சேரும்.

ஏரிக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே அடுத்த ஏரி. இப்படி ஊரை அமைத்த அந்தக் காலத்து ஆட்கள் என்ஜினீயரிங் படித்தவர்கள் அல்ல. தண்ணீர் ஓடுவதைப் பார்த்தே வாட்டம் பிடித்தார்கள்.

சங்கிலி போய் லேசர்

இந்த வட்டாரத்துக்கு அளவை வேலை புதிது அல்ல. இந்தியாவையே அளந்த மாபெரும் சர்வேக்கு முதல் கோடு போட்டது இங்கேதான். 1802 ஏப்ரல் 10-ந் தேதி வெள்ளைக்கார அதிகாரி லாம்டன், பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்.

இப்போது சங்கிலி கிடையாது. விமானத்தில் இருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடப்படுகிறது. வீடு, மரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தரை. அதன் மேல் கம்ப்யூட்டரிலேயே மழை பெய்ய விட்டால், தண்ணீர் எங்கே தேங்கும் என்று தெரிந்துவிடும்.

பழைய கிராம வரைபடத்தை இதன் மேல் பொருத்திப் பார்த்தால் இன்னும் வெளிச்சம். காணாமல் போன கால்வாய் எந்தத் தெருவுக்கு அடியில் கிடக்கிறது என்பதும் அம்பலம்!

விழித்துக் கொண்டது எப்போது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகரே மிதந்த பிறகுதான் அதிகாரிகள் விழித்தார்கள். மழை, கடல் மட்டம், தரையின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் சென்னை வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு 2019-ல் வந்தது. இதில் முக்கியப் பங்கு வகிக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருப்பதே பள்ளிக்கரணையில்தான். அதே சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறி, உலக அந்தஸ்தும் பெற்றது.

ஆனால் வரைபடம் வழியைக் காட்டும், அவ்வளவுதான். கால்வாயைத் தூர் வாராது. ஆக்கிரமிப்பை அகற்றாது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

மனை வாங்குவோர் பட்டா பார்க்கிறார்கள். வில்லங்கம் பார்க்கிறார்கள். வாட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும்!