காரின் முகத்தை வரைந்த விதிகள்

கார்களின் முன்புறத் தோற்றம் காலத்துக்குக் காலம் மாறிவந்திருப்பதற்கு வடிவமைப்பாளர்களின் கற்பனையையும் வாங்குவோரின் ரசனையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். ஆயினும், முகப்பு விளக்கின் வரலாற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அரசின் விதிகளும் எரிபொருள் நெருக்கடியும் விளக்குத் தொழில்நுட்பமும் அந்தக் கற்பனைக்கு எல்லை வகுத்து வந்திருப்பது புலப்படும்.

1930களின் கார்களில், ஒளியை முன்னோக்கித் திருப்பும் பளபளப்பான உட்கிண்ணம் ஈரமும் தூசியும் புகுந்து நாளடைவில் மங்கிப்போயிற்று. இதைத் தவிர்க்க, மின்னிழை, கிண்ணம், முன்கண்ணாடி ஆகிய மூன்றையும் காற்றுப் புகாதபடி ஒரே உறுப்பாக அடைத்த ‘சீல்டு பீம்’ விளக்கு, 1940ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. ஏழு அங்குல விட்டமுள்ள வட்ட விளக்கு பக்கத்துக்கு ஒன்று என்பதே வரையறை. விளக்கு பழுதானால் எந்த ஊரிலும் எந்த நிறுவனத்தின் காருக்கும் பொருந்தும் மாற்று விளக்கு கிடைத்ததால், அன்றைய நிலையில் அது விவேகமான ஏற்பாடே. ஆனால், 1950களில் காரின் பின்புறத்தில் விமானத்தின் வால் போன்ற துடுப்புகளை நிமிர்த்தி வைக்க முடிந்த வடிவமைப்பாளர்களுக்கு முகத்தில் அந்தச் சுதந்திரம் வாய்க்கவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பக்கத்துக்கு இரண்டு சிறிய வட்ட விளக்குகளும், 1970களின் நடுவில் செவ்வக விளக்குகளும் அனுமதிக்கப்பட்டன. அவையும் குறித்த அளவுகளிலேயே அமைய வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் இக்கட்டுப்பாடு இல்லை. 1967இல் புதுப்பிக்கப்பட்ட சிட்ரோயன் டிஎஸ் காரில், கண்ணாடி மூடிக்குள் அமைந்த உள்விளக்குகள் ஸ்டீயரிங் திரும்பும் பக்கமே திரும்பி வளைவுகளில் ஒளி பாய்ச்சின. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அதே காரிலோ மூடியற்ற சாதாரண விளக்குகளே பொருத்தப்பட்டன. ஜாகுவார் இ-டைப் காரின் அழகிய விளக்கு மூடிகளும் அமெரிக்க விதிகளின் பொருட்டு அதே ஆண்டில் நீக்கப்பட்டன. அக்காரின் முகம் அதன் பின்னர் முந்தைய பொலிவை மீட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விதியை மீறாமல் தாழ்வான மூக்கை அமைக்க விரும்பிய ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்பாளர்கள், பகலில் உள்ளே மறைந்து இரவில் மேலெழும் விளக்குகளை நாடினர். 1936இன் கார்டு 810 காரிலேயே தோன்றிய இந்த உத்தி, லோட்டஸ் எலான், மாஸ்டா எம்எக்ஸ்-5 முதலிய கார்கள் வழியே பரவியது. எனினும், மேலெழுந்த விளக்குகள் காற்றைத் தடுத்ததும், பாதசாரிகள் மீது மோதும்போது ஆபத்தாக அமையக்கூடும் என்பதும் அதற்கு எதிராக நின்றன. 2004உடன் பெரிய நிறுவனங்களின் கார்களில் அது மறைந்தது.

உண்மையான திருப்பம் எண்ணெய் நெருக்கடியின் பின்விளைவாக வந்தது. 1973க்குப் பின் எரிபொருள் சிக்கனம் சட்டபூர்வத் தேவையாகியது. காற்றின் எதிர்ப்பைக் குறிக்கும் இழுவைக் குணகத்தை 1982இன் ஆடி 100 கார் 0.30ஆகத் தாழ்த்திக் காட்டியது. தட்டையான விளக்குகள் காற்றோட்டத்துக்கு இடையூறு என்ற ஃபோர்டு நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்று, பல்பை மட்டும் மாற்றக்கூடிய, உடலோடு இழைந்து வளையும் விளக்குகளை அமெரிக்கா 1983இல் அனுமதித்தது. 1984ஆம் ஆண்டு மாடலான லிங்கன் மார்க் VII அவற்றை முதலில் அணிந்தது. கனமான கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வந்ததால் எந்த வளைவும் இயன்றது. வெயிலில் மஞ்சளிக்கும் அதன் குணத்தையும் உரிமையாளர்கள் பின்னர் அறிந்தனர்.

எல்இடி விளக்குகள் சிறிய இடத்திலேயே போதிய ஒளி தருவதால் இன்று விளக்கு கோடாகச் சுருங்கிவிட்டது. பகலிலும் எரியும் விளக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் புதிய கார் வகைகளுக்குக் கட்டாயமாக்கியதும், அந்தக் கோடே நிறுவனத்தின் அடையாளமாக மாறியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாரிக்கப்பட்டு 2019இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் வென்யூவில், கண்போல் மேலே தெரிவது சிறு விளக்கு மட்டுமே; சாலைக்கு ஒளி பாய்ச்சும் விளக்கு கீழே, பம்பர் பகுதியில் இருக்கிறது.